பட்டவர்த்தனம்னா என்னாங்க சேர்

— முதல்ல இருங்கோ முதலாளி. வந்த நேரம் துவக்கம் குறுக்கையும் நெடுக்கையும் நடந்துகொண்டு நிக்கிறியள்.

— இருக்க முடியலிங்க சேர். சொல்லுங்க. பட்டவர்த்தனம்னா என்னா?

— தேத்தண்ணி ஏதும் குடிக்கிறியளோ? என்ர மனுசி லீலாதேவி இல்லை, தங்கச்சி வீட்டில கலியாணமெண்டு யாழ்ப்பாணம் போயிட்டா. நான் போடுறது அவ்வளவு நல்லா இராது.

— தேத்தண்ணிக்கு வரலிங்க. அர்த்தம் கேக்க வந்தேன். இந்தப் பதுளை பசார்ல எத்தன வருசமா துணிக்கடை வச்சிருக்கேன். சிங்களம் பேசுறவன், தெலுங்கு பேசுறவன் எல்லாரும் வந்து போறான். இந்த வார்த்தைய ஒருத்தன் வாயிலயும் நான் கேட்டதில்ல. நீங்க காலம் பூரா தமிழ் படிச்சுக் குடுத்தவரு. உங்களுக்குத் தெரியாதா?

— தெரியாமலென்ன. பழைய சொல்லு அது.

— நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?

— சொல்லில நல்லது கெட்டது எண்டு அப்பிடிப் பிரிக்கேலாது. கேளுங்கோ. பட்டம் எண்டா என்னெண்டு தெரியும்தானே?

— தெரியும். பயலுக காத்துல விடுறது.

— அது வேற பட்டம். இது நெத்தியில கட்டுறது. முந்தி அரசருக்குப் பொன்னில செய்து நெத்தியில கட்டுவினம். அப்பிடிக் கட்டினவைக்குப் பட்டவர்த்தனர் எண்டு பேர். அரசன் ஏறுற யானையையும் பட்டவர்த்தனம் எண்டு சொல்லியிருக்கினம்.

— அப்ப எம் பொண்ண ராசாத்தின்னு சொல்லியிருக்காங்களா?

— ஆரை? தர்மிளாவையோ?

— எனக்கு வேற எத்தன பொண்ணு இருக்கு சேர். அவளைத்தான். கண்டியிலருந்து வந்து பாத்துட்டுப் போனாங்கள்ல, இரும்புக்கடைக்காரங்க, அவங்கதான் தரகர்கிட்ட சொல்லி விட்டிருக்காங்க. பொண்ணு பட்டவர்த்தனம்னு கேள்விப்பட்டோம், யோசிக்க வேண்டியிருக்குன்னு. ராசாத்தின்னா எதுக்குங்க யோசிக்கணும்?

— தரகர் இப்ப எங்கை?

— இந்தா, உங்க ஜன்னல்லருந்தே பாருங்க. எங்கடையில ஸ்டூல்ல உக்காந்து சோடா குடிக்கிறாரே, அதான் தரகர் மாடசாமி. மூணரை கண்டி பஸ்ஸுக்குப் போகணுமாம். அதுக்குள்ள நான் ஒரு பதில் சொல்லி அனுப்பணும். அந்த ஆள் மறுபடி மறுபடி கைக்கடியாரத்தப் பாக்கிறாரு.

— தரகரிட்டையே கேட்டிருக்கலாமே, என்ன கருத்தெண்டு.

— கேட்டேன். அது ஏதோ பெரிய படிப்பு வார்த்தை முதலாளி, எனக்கும் வெளங்கல, ஆனா சொன்னவங்க மொகம் நல்லா இல்லன்னாரு. எங்கூட்டுக்காரி வடிவு காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அது ஏதும் சீக்கு பேரா இருக்குமோன்னு அவளுக்குப் பயம்.

— சீச்சீ, நோய் வருத்தம் ஒண்டுமில்லை.

— அப்ப என்னாங்க? ராசா, யானைன்னு சுத்திச் சுத்தி வர்றீங்களே. நேரா சொல்லுங்க சேர்.

— சொல்லுறன். இந்தக் காலத்தில அந்தச் சொல்லுக்கு வெளிப்படை எண்டுதான் கருத்து. ஒளிவு மறைவில்லாமல். ஒண்டை மூடாமல் சுத்தாமல் அப்பிடியே போட்டு உடைக்கிறது. யானை எப்பிடி இதுக்குள்ள வந்ததெண்டு எனக்கும் நிச்சயமாத் தெரியாது. அரசன்ர யானை தெருவால போனா ஊருக்கே தெரியும், ஒளிச்சுப் போகேலாது, அதால வந்திருக்குமெண்டு நானா நினைச்சிருக்கிறன். அவ்வளவுதான்.

— மறைவில்லாமன்னா?

— மறைவில்லாமலெண்டா மறைவில்லாமல்தான்.

— வெக்கமில்லாமன்னு அர்த்தமா சேர்?

— அப்பிடியில்லை.

— உண்மைய சொல்லுங்க. நாலு பேர் இருக்கிற எடத்துல இந்தச் சொல்ல எதுக்குச் சொல்லுவாங்க?

— சில பேர் பட்டவர்த்தனமான பொய் எண்டுவினம். பட்டவர்த்தனமா லஞ்சம் வாங்கினான் எண்டுவினம். கூச்ச நாச்சமில்லாமல் செய்யிறதையும் அப்பிடிச் சொல்லுறதுதான். ஆனா எல்லா இடத்திலையும் அந்தக் கருத்து வராது முதலாளி. ஆர் சொல்லுறது, என்னத்துக்குச் சொல்லுறது எண்டதைப் பொறுத்தது.

— போச்சு. பொண்ணு கூச்சமில்லாதவன்னு கண்டிக்குச் சேதி போயிருச்சு. இனி பண்டாரவளை, அப்புத்தளை, ஹட்டன், ஒரு எடமும் பாக்கியில்லாம போவும். நம்ம ஆளுங்க ஒரு கடையிலருந்து அடுத்த கடைக்கு லொறியில சாமான் அனுப்புறாங்களோ இல்லையோ, இந்த மாதிரிச் சேதிய ஒடனே அனுப்பிருவாங்க.

— இருங்கோ, இருங்கோ.

— எனக்கு ஒண்ணுதான் வெளங்கல சேர். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அவ வாயே தொறக்கல. அவங்கம்மா முன்னாடியே கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சியிருக்கா, இன்னைக்கி ஒரு நாள் மட்டும் பேசாம இரு தாயின்னு. அவளும் இருந்தா. பலகாரம் கொண்டாந்து வச்சா, கும்புட்டா, தலையக் குனிஞ்சுக்கிட்டா. மாப்பிள்ளையோட அம்மா கட்டியிருந்த பொடவ மட்டமான சரக்கு, பாத்த ஒடனே எனக்கே தெரிஞ்சுச்சு. இவளுக்குத் தெரியாம இருக்குமா? நான் உள்ளுக்குள்ள முருகா முருகான்னுக்கிட்டு இருந்தேன். அதுக்கும் அவ ஒண்ணும் சொல்லல.

— நல்ல விசயம்தானே.

— அவங்களுக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு. என்னா அடக்கமான புள்ளன்னு போறப்ப அந்த அம்மா எங்கூட்டுக்காரி கையப் புடிச்சுச் சொன்னாங்க. வர்ற வெள்ளிக்கெழம தட்டு மாத்துறதா பேச்சு. அப்புறம்தான் இந்தச் சொல்லு வந்துச்சு. வாயே தொறக்காத பொண்ணு பட்டவர்த்தனம்னு அவங்களுக்கு எப்புடிங்க தெரிஞ்சுச்சு?

— கடையில கண்டவை ஆரும் சொல்லியிருப்பினம்.

— கடையிலயா? அதுவும் சரிதான். அவ கடையில பண்ற அநியாயம் கொஞ்சமா. ஸ்பிரிங்வெளி தோட்டத்துக் கருப்பம்மாவ தெரியுமா உங்களுக்கு?

— இல்லை, தெரியாது.

— கொழுந்து பறிக்கிற பொம்பள. மகளுக்குச் சடங்குன்னு சேல எடுக்க வந்துச்சு. நல்ல ரோஸ் கலர் ஒண்ண எடுத்து மேல போட்டுக் கண்ணாடியில பாக்குது. மொகமெல்லாம் சிரிப்பு. நான் கட்டிக் குடுக்கப் பேப்பர் எடுக்கிறேன், இவ வந்து, அக்கா அது வேணாம், ரெண்டு தண்ணிக்கு வெளுத்துரும்ங்கிறா. எங்கடைச் சரக்க, எம் முன்னாடியே.

— பிறகு?

— பெறகு என்னா. அந்தப் பொம்பள அடுத்த சம்பளத்துக்கு லயத்துல பாதிப் பேரக் கூட்டிக்கிட்டு வந்துருச்சு. முதலாளி நீங்க தள்ளுங்க, அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க, அது சொல்றதத்தான் எடுப்போம்னுச்சு. எனக்கு ஒரு பக்கம் ரோசம், ஒரு பக்கம் பெருமை. இப்ப லுணுகலையிலருந்துகூட பஸ் ஏறி வருதுங்க.

— எனக்கும் அவ சொல்லியிருக்கிறா. கோயில் கூட்டத்தில நான் பேசி முடிச்சு இறங்கி வாறன், எல்லாரும் அருமை அருமை எண்டினம். இவ வந்து, சேர் நல்லாப் பேசுனீங்க, ஆனா பாதியிலயே முடிஞ்சிருச்சு, மிச்சத்த நீங்க சும்மா பேசுனீங்க எண்டா.

— ஐயோ, உங்ககிட்டயுமா. மன்னிச்சுக்கங்க சேர்.

— மன்னிக்க என்ன கிடக்கு? வீட்டை வந்து யோசிச்சுப் பாத்தன். சரியாப் பாதியிலதான் முடிஞ்சிருந்தது.

— சிரிக்கிறீங்க நீங்க. எனக்குச் சிரிப்பு வரல.

— இல்லை, இல்லை. சிரிக்கேல்லை.

— சேர், இந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு?

— அதுதான் சொன்னனே, அரசருக்குப் பட்டம் கட்டுற...

— ராசா கதைய கேக்கல. கண்டிக்காரங்க வாய்க்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கிறேன். அவங்க ஆணியும் தகரமும் வாளியும் விக்கிறவங்க. அவங்க வீட்டுல ஏதுங்க இப்புடி ஒரு சொல்லு? இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத சொல்லு பேசுறவரு ஒருத்தர்தான்.

— முதலாளி...

— பொண்ணப் பத்தி விசாரிக்கணும்னா நம்ம ஆளுங்க சொந்தக்காரங்கள கேக்க மாட்டாங்க. சொந்தக்காரன் பூசி மெழுகுவான். எதிர்த்த வீட்டுலதான் கேப்பாங்க. நானும் எந் தங்கச்சி மகனுக்குப் பொண்ணு பாத்தப்ப அப்புடித்தான் செஞ்சேன். எங்கடைக்கு எதிர்த்த வீடு எது சேர்? ஜன்னலப் பாக்காதீங்க. என்னையப் பாத்துச் சொல்லுங்க.

— ரெண்டு பேர் வந்தவை.

— எப்ப?

— ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஒருத்தர் வயசானவர். வாசல்ல நிண்டே கேட்டினம், முன் கடைக்காரற்ற பிள்ளை எப்பிடி எண்டு. கெட்டிக்காரி எண்டன். நேர்மையான பிள்ளை எண்டன். மனசில ஒண்டு வாயில ஒண்டு இல்லை, எதையும் பட்டவர்த்தனமாச் சொல்லிப்போடுவா எண்டன். புகழ்ந்துதான் சொன்னனான். சத்தியமாப் புகழ்ந்துதான்.

— புகழ்ந்தீங்களா.

— ஓம். அந்தக் கிழவர் தலையாட்டிக் கேட்டவர். விளங்கிச்சுதாக்கும் எண்டு நினைச்சன்.

— அடக்கமான புள்ள. சமைக்கும். வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போகும். இத சொல்லியிருந்தா போதுமே சேர். ஊர்ல எல்லாப் பொண்ணுக்கும் எதிர்த்த வீட்டுக்காரங்க அதத்தானே சொல்றாங்க. அத கேக்கத்தானே அவங்களும் வந்தாங்க. நீங்க என்னாத்துக்கு யானையக் கொண்டாந்து எம் வாசல்ல கட்டுனீங்க?

— பொய் சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

— ஒரு பொண்ணு கல்யாணத்துக்குச் சொல்றது பொய்யில கணக்கா? இருவத்தொம்பது வயசு சேர் அவளுக்கு. இத்தோட எத்தன எடம் வந்து போயிருச்சு. ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லிப்புடுவா. இந்தத் தடவதான் அவளே வாயக் கட்டிக்கிட்டு இருந்தா. வாயக் கட்டாம நீங்க சொல்லிட்டீங்க.

— கோவிக்காதையுங்கோ. நான் வேணுமெண்டு செய்யேல்லை.

— கோவமில்ல. வயிறு எரியுது. அவ்வளவுதான். சரி, நடந்தது நடந்துருச்சு. சட்டையப் போடுங்க.

— எங்கை?

— கண்டிக்கு. மூணரை பஸ்ஸுல மாடசாமியோட நானும் நீங்களும் போவோம். நீங்க அந்தக் கெழவருக்கு முன்னால நின்னு, நான் சொன்னதுக்கு அர்த்தம் அது இல்ல, பொண்ணு தங்கமான புள்ளன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த ராசா கதையச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்க பேச்சுக்கு ஊர்ல மதிப்பு இருக்கு.

— நான் வரமாட்டன், முதலாளி.

— ஏன்?

— கேளுங்கோ. கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை கடைப்பக்கம் வரக்கூடாது எண்டு அவை சொன்னதெண்டு நீங்களே போன கிழமை சொன்னியள். ஒரு வீட்டுக்குள்ள வாயை மூடிக்கொண்டு இருக்கிற பிள்ளையோ அவ? நாலு மாதத்தில மூச்சு முட்டிப்போயிடும். ஒரு சொல்லுக்குப் பயந்து பின்வாங்கிற ஆக்களிட்டை அவவைக் குடுக்கிறதை விட...

— விட?

— எனக்கொரு மகள் பிறந்திருந்தா அவவை மாதிரி இருக்க வேணுமெண்டு எத்தினை தரம் நினைச்சிருப்பன். உண்மையாச் சொல்லுறன்.

— மகளாவா?

— ஓம்.

— அப்ப நான் ஒண்ணு கேக்கிறேன். கேட்டுட்டு நான் இந்தப் படியெறங்கிப் போயிருவேன், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. மகளா நெனக்கிறவருக்கு மருமகளா நெனக்க ஏலாதா?

— என்ன முதலாளி, திடீரெண்டு...

— திடீருன்னு இல்லிங்க. ரொம்ப நாளா உள்ள கெடந்த நெனப்பு. உங்க மகன் நிருபன் தம்பி இங்க இருந்தப்ப, பாங்க் விட்டு வந்தா நேரா கடைக்குத்தான் வரும். மூஞ்சி தொடைக்க ஒரு கைலேஞ்சி வாங்குறதுக்கு அரை மணி நேரம் நிக்கும். எனக்குக் கண்ணு இல்லையா. ஆனா நீங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. எங்கப்பா தூத்துக்குடியிலருந்து தலையில துணி மூட்டையோட வந்தவரு. உங்க பக்கத்துல எங்கள என்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால வாய்க்கு வந்தத முழுங்கிக்கிட்டே இருந்தேன். இன்னைக்கி முழுங்க முடியல.

— சீச்சீ. நான் அப்பிடியெல்லாம் பாக்கிறவனோ? ஆள்தானே முக்கியம். ஊரென்ன, அப்பன் ஆரெண்டு என்ன.

— அப்ப சரிதானே?

— நான் மட்டும் சொல்லுற விசயமில்லையே. அவனுக்கும் திடீரெண்டு பாங்கில வவுனியாவுக்கு மாத்தம் வந்திட்டுது. மேலிடத்து ஓடர். நான் என்ன செய்ய? அவன்ர மனசில என்ன கிடக்கோ, ஆர் கண்டது. இதைப் பற்றி ஒரு நாளும் என்னோட கதைச்சதில்லை. அவசரப்படாமல் ஆறுதலா ஒருக்கால் கேட்டுப் பாக்கிறன்.

— கேப்பீங்களா? நெசமா?

— கேக்கிறன். லீலாதேவியும் வரட்டும்.

— இது போதும் சேர். இது போதும் எனக்கு. கையக் குடுங்க. இன்னைக்கிக் காலையிலருந்து இப்பதான் மூச்சு வருது. மாடசாமிய போயிட்டு வாய்யான்னு அனுப்பிரலாம்.

— அப்பா.

— வா தாயி, வா. உள்ள வா. நீ எப்ப படியேறி வந்த?

— இப்பதாங்கப்பா. வணக்கம் சேர், எப்புடி இருக்கீங்க. அப்பா, கடையில ஆள் நிக்குது, வாங்க போவோம்.

— மாடசாமி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிறாரா?

— அவரு போயிட்டாரு. நான்தான் அனுப்புனேன்.

— என்னா சொல்லி அனுப்புன?

— பட்டவர்த்தனம்னா என்னான்னு அவரு எங்கிட்டயும் கேட்டாரு. மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா சொல்றதுன்னேன். நீ அப்புடியாம்மான்னாரு. ஆமா அண்ணே, அந்தம்மா கட்டியிருந்த பொடவ சாயம் போறதுன்னு அன்னைக்கே சொல்லணும்னு இருந்துச்சு, அம்மாவுக்காகத்தான் அடக்கிக்கிட்டேன், காலம் பூரா அடக்க முடியாதுன்னு அவங்ககிட்டச் சொல்லிருங்கன்னு அனுப்பிட்டேன்.

— சொல்லிட்டியா.

— சொல்லிட்டேன். திட்டுறதுன்னா கடையில வச்சுத் திட்டுங்க. இங்க வேணாம், வாங்க.

— யார் திட்டப் போறா. போகட்டும். இரும்புக்கடைக்காரன் போனா போறான். உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கு தாயி. சேரு நிருபன் தம்பிகிட்ட உனக்காகக் கேக்கிறேன்னுருக்காரு.

— அப்புடியா சேர்? கேக்கிறேன்னீங்களா?

— ஓம் பிள்ளை. அப்பாவுக்கு ஒரு விருப்பம். கேட்டுப் பாப்பம் எண்டுதான்...

— அப்பாகிட்ட வேற ஒண்ணும் சொல்லலையா சேர்?

— வேற என்ன பிள்ளை. அவன் அங்க, நான் இங்க. ஆறுதலாத்தானே...

— சரிங்க. அப்பா, எந்திரிங்க. போவோம்.

— இரு புள்ள. ஏன் இழுக்கிற? சேர், நீங்க ஆறுதலா கேப்பீங்க, எனக்கு அதுவரைக்கும் தூக்கம் வராது. நான் ஒண்ணு செய்யிறேன். நாளைக்கி விடியக்காலம் வவுனியாவுக்கு நானே பஸ் ஏறுறேன். தம்பிய நேர்ல பாத்து, அது கையப் புடிச்சுக் கேட்டுர்றேன். பாதையெல்லாம் இப்ப நல்லாத்தானே இருக்கு.

— அப்பா, வேணாம்.

— நீ சும்மா இரு. பொண்ணப் பெத்தவன் கேக்கிறதுல என்னா கொறச்சல்? அந்தத் தம்பி மனசுல உன்னைய நெனைக்காமலா இருந்திருக்கும், கூச்சத்துல அப்பாகிட்ட சொல்லியிருக்காது. நான் போய்க் கேட்டா சொல்லிரும். என்னாங்க சேர், போகவா?

— போய்... போய்ப் பாக்கிறதெண்டா... நான் எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது.

— சேர், அப்பா நெசமாவே பஸ் ஏறிருவாரு. அங்க போயி நிருபன் மூஞ்சிக்கு முன்னால நிப்பாரு. இப்பவாவது நீங்க சொல்லக் கூடாதா?

— பிள்ளை, நான்... லீலாதேவி வரட்டும், பிறகு...

— என்னா நீ சேரப் போட்டு மெரட்டுற? பெரிய மனுசன்கிட்ட பேசுற பேச்சா இது? அதுக்குத்தான் கண்டிக்காரன் அந்தச் சொல்லச் சொன்னான். ஒரு வார்த்தைய உள்ள வச்சுக்கத் தெரியுதா உனக்கு?

— வச்சுக்கத் தெரிஞ்சுதாங்கப்பா வச்சிருந்தேன். நிருபன் போன ஆவணியிலயே என்னையக் கட்டிக்கணும்னு சேர்கிட்ட கேட்டுட்டாரு. இந்தியாக்காரங்க வீட்டுல நமக்குச் சம்பந்தம் வேணாம்னு சொல்லி, அவர மாத்தம் கேக்க வச்சு வவுனியாவுக்கு அனுப்பினதே சேர்தான். சேர்னா உசுரையே விடுற உங்க மனசு ஒடஞ்சுறக் கூடாதேன்னு இத்தன மாசமும் இந்த ஒண்ண மட்டும் நான் யார்கிட்டயும் சொல்லல.